புள்ளி எங்கே போயிற்று: தானியங்கிப் பணிப்பாய்வில் தமிழ் எழுத்து கெடும் இடத்தைக் கண்டுபிடிப்பது

நீங்கள் விவரித்த சிக்கலை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்டோஸ் சர்வரில் பவர்ஷெல் 5.1 (விண்டோஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் இரவில் ஓடுகிறது. உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் தமிழில் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) அது படித்து, என்8என் என்ற தானியங்கிக் கருவியில் உள்ள பணிப்பாய்வின் வெப்ஹுக்குக்கு, அதாவது வெளியிலிருந்து தரவு வாங்கும் முகவரிக்கு, அனுப்புகிறது. அங்கே ஒரு படி வேண்டாத எழுத்துகளை நீக்குகிறது. அடுத்த படி தரவுத்தளத்தில் எழுதுகிறது. கடைசிப் படி மின்னஞ்சல் அனுப்புகிறது. நீண்ட காலம் ஒழுங்காக ஓடிய இது, கோப்பைத் தயாரிப்பவரின் கணினியை மாற்றிய வாரத்திலிருந்து குப்பை எழுத்துகளைத் தருகிறது. ஆனால் அதே கோப்பை நோட்பேடில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரிகிறது. தரவுத்தளப் படிக்கு முன்னால், நாமே நிரல் எழுதும் படியான கோட் நோடில் ஒரு திருத்தம் எழுதிச் சேர்த்தீர்கள். அதன் பிறகு த, ப, ம, ர போன்றவை மீண்டன. க, ச, ட மீளவில்லை. புள்ளியும் உகரக் குறியும் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கின்றன.

எந்த எழுத்து மீண்டது, எந்த எழுத்து மீளவில்லை என்று நீங்கள் குறித்து வைத்தது பெரிய உதவி; அந்த ஒரு குறிப்பை வைத்தே கெட்ட இடத்தைச் சொல்லிவிட முடியும். எழுத்து கெட்டது ஸ்கிரிப்ட் கோப்பைப் படிக்கும் வரியில். வேண்டாத எழுத்துகளை நீக்கும் படி அந்தக் கேட்டில் ஒரு பகுதியை மீட்க முடியாததாக்கிவிட்டது. கோட் நோடில் எழுதிய திருத்தம், மீட்கக்கூடியதாக மிஞ்சியிருந்ததிலும் ஒரு பகுதியைக் கெடுத்தது. ஆகவே இங்கே மூன்று தனித்தனிப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. அதனால்தான் எந்த ஒன்றைத் தொட்டாலும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை.

"கடிதம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் எண் தரும் யூனிகோடில் இது 6 குறியெண்கள்: க 2965, ட 2975, இகரக் குறி 3007, த 2980, ம 2990, புள்ளி 3021. அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக (0 முதல் 255 வரையுள்ள எண்களாக) எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளாக எழுதப்படுவதால், கோப்பில் இந்தச் சொல்லுக்கு 18 பைட்டுகள். அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128-க்கும் 191-க்கும் இடையில் ஏதோ ஒன்று. க என்பது 224, 174, 149. புள்ளி என்பது 224, 175, 141. இந்தப் பைட்டுகளைத் தனித்தனி எழுத்துகள் என்று எண்ணி ஒரு கருவி படித்தால், மேலே சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி என்று மும்மூன்றாக வருகின்றன. தமிழ் கெட்டால் பெரும்பாலும் இந்த ஏ-யும் ஆர்-உம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்குக் காரணம், நம் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அந்த 224-உம், பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான 174-உம்தான்.

இப்படித் தவறாகப் படிப்பதில் இரண்டு வகை உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவதால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரே பைட் தரும் பழைய மேலை ஐரோப்பியக் குறியாக்கமான ஐஎஸ்ஓ-8859-1-இல் 128 முதல் 159 வரையுள்ள 32 இடங்களும் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். விண்டோஸ்-1252 குறியாக்கம் அதே 32 இடங்களில் 27-ஐ அச்சுக்குறிகளுக்குக் கொடுத்து, 129, 141, 143, 144, 157 ஆகிய 5 இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறது. 160-க்கு மேல் இரண்டும் ஒன்றே. இப்போது தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட்டைப் பாருங்கள்: ண, த, ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஆகியவையும் கால், இகரக் குறி ஆகிய இரண்டு குறிகளும் 160-க்கு மேல் விழுகின்றன. உயிரெழுத்துகள் அனைத்தும், க, ங, ச, ஜ, ஞ, ட ஆகியவையும், ஈகாரம் முதல் புள்ளி வரையுள்ள குறிகளும் 128 முதல் 159 வரையுள்ள அந்தச் சிக்கலான பகுதியில் விழுகின்றன. த மீண்டு க மீளாததன் காரணம் இதுவே.

உங்கள் கோட் நோடில், பைட்டுகளைக் கையாளும் பஃபர் வழியாக 'லத்தீன்1' என்று குறிப்பிட்டுப் பைட்டுகளாக்கி, அவற்றை யூடிஎஃப்-8 ஆகப் படித்திருக்கிறீர்கள். என்8என்-க்கு அடித்தளமான நோட்ஜேஎஸ்-இன் பஃபரில் லத்தீன்1 என்பது ஐஎஸ்ஓ-8859-1. 255-க்கு மேற்பட்ட குறியெண் வந்தால் அதன் கடைசி பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சொல்லாமல் எறிந்துவிடும். விண்டோஸ்-1252-இல் 149 என்பது தடித்த பட்டியல் புள்ளி. அதன் யூனிகோடு எண் 8226. அதன் கடைசி பைட் 34, அதாவது இரட்டை மேற்கோள்குறி. ஆகவே க இருந்த இடத்தில் ஒரு சாய்சதுரமும் இரட்டை மேற்கோளும் வந்திருக்கும். ட இருந்த இடத்தில் சாய்சதுரமும் ஆங்கில எக்ஸும், ச இருந்த இடத்தில் சாய்சதுரமும் சிறிய ஏ-யும், அ இருந்த இடத்தில் சாய்சதுரமும் "மற்றும்" குறியும் வந்திருக்கும். உங்கள் பதிவுகளைத் திறந்து பாருங்கள், இப்படியே இருக்கும். எங்கிருந்தோ முளைத்த அந்த மேற்கோள்குறிகள் அடுத்து ஒரு சிஎஸ்வி படிக்குப் போனால் நெடுவரிசைகளையும் இடம் மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'லத்தீன்1' என்ற பெயருக்குக் கருவிக்குக் கருவி பொருள் மாறுவது உண்மையிலேயே தொல்லை. உலாவிகளுக்கான குறியாக்கத் தரநிலையில் அந்தப் பெயர் விண்டோஸ்-1252-ஐக் குறிக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் விண்டோஸ்-1252 தான். ஆனால் காலியான 5 இடங்களையும் அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளாக அது காப்பாற்றிவிடுகிறது. பைத்தானில் லத்தீன்1 என்றால் ஐஎஸ்ஓ-8859-1. விண்டோஸ்-1252 என்று தனியாகக் கேட்டால், காலியிடம் வந்ததும் பிழை சொல்லி நின்றுவிடும். விண்டோஸ் கணினியில் குறியாக்கம் சொல்லாமல் பைத்தானில் தமிழ்க் கோப்பைத் திறந்தவர்கள் 141 என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தியைப் பெரும்பாலும் பார்த்திருப்பார்கள். அது நம் புள்ளியின் மூன்றாவது பைட். அப்படி நின்றுவிடுவதே நல்லது என்பேன். சத்தமில்லாமல் தொடர்வதால்தான் இத்தனை பதிவுகள் கெடுகின்றன.

அந்த 5 காலியிடங்களில் 157-ஐத் தமிழ் பயன்படுத்துவதில்லை. மற்ற நான்கும் நம் எழுத்துகளின் மேலேயே விழுகின்றன: 129 உகரக் குறியின் கடைசி பைட், 141 புள்ளியின் கடைசி பைட், 143 ஏ, 144 ஐ. பவர்ஷெல் 5.1 கோப்பைத் தவறாகப் படித்தபோதும் விண்டோஸ் இவற்றைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாகப் பத்திரமாகவே கொண்டுவந்தது. அதுவரை எல்லாமே மீட்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. பிறகு வந்த "வேண்டாத எழுத்துகளை நீக்கு" படி, வழக்கமான முறையில் 0 முதல் 31 வரையும் 127 முதல் 159 வரையும் உள்ள கட்டுப்பாட்டுக் குறிகளை நீக்கியது. புள்ளியும் உகரமும் ஏ-யும் ஐ-யும் அங்கே போயின. அந்தப் படி தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதன் கையில் வந்த எழுத்துதான் ஏற்கெனவே தவறாகப் படிக்கப்பட்டிருந்தது.

இனி, கணினி மாறியதும் ஏன் தொடங்கியது என்ற கேள்வி. பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால் கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் அடையாளமாகச் சேரும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல், நோட்பேட் அந்த அடையாளம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகவே இயல்பாகச் சேமிக்கிறது. பவர்ஷெல் 5.1-இல் கோப்பைப் படிக்கும் கெட்-கன்டென்ட் கட்டளை தலையடையாளம் இருந்தால் அதை மதித்துச் சரியாகப் படிக்கும். இல்லாவிட்டால் கணினியின் பழைய குறியாக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது விண்டோஸ்-1252. தமிழுக்கென்று விண்டோஸில் அப்படியொரு பழைய குறியாக்கப் பக்கமே கிடையாது என்பதால், தமிழைப் பொறுத்தவரை இந்த ஊகம் ஒருநாளும் சரியாக இருக்க வழியில்லை. உங்கள் ஸ்கிரிப்ட் முன்பு சரியாக ஓடியது கோப்பின் தலையில் இருந்த அந்த மூன்று பைட்டுகளின் தயவால்தான். நோட்பேடில் இன்றும் சரியாகத் தெரிவதற்குக் காரணம், அது பைட்டுகளை ஆராய்ந்து யூடிஎஃப்-8 என்று தானே கண்டுகொள்வது.

ஆகவே முதல் திருத்தம், கெட்-கன்டென்ட் கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது. தலையடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது சரியாகப் படிக்கும். கோப்பைத் தயாரிப்பவரிடம் அடையாளத்துடன் சேமிக்கச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். ஒருவரின் நினைவாற்றலை நம்பி நிற்கும் பணிப்பாய்வு அவர் விடுப்பில் போகும் நாளில் மறுபடியும் உடையும். அதே பவர்ஷெல் 5.1-இல் இம்போர்ட்-சிஎஸ்வி கட்டளை அடையாளம் இல்லாத கோப்பை யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி, தமிழுக்கு இடமே இல்லாத ஆஸ்கியில் எழுதித் தமிழ் முழுவதையும் கேள்விக்குறிகளாக்குகிறது. கோப்புக்குத் திருப்பிவிடும் அம்புக்குறி யூடிஎஃப்-16-இல் எழுதுகிறது. ஒரே கருவிக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால், அதில் படிக்கும், எழுதும் ஒவ்வொரு வரியிலும் குறியாக்கத்தைச் சொல்லியே பழகுங்கள். பவர்ஷெல் 6 முதல் எல்லாம் அடையாளமற்ற யூடிஎஃப்-8. மாற முடிந்தால் மாறிவிடுங்கள். வெப்ஹுக்குக்கு அனுப்பும்போது நீங்கள் செய்தியின் உடலை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி அனுப்பியிருப்பது சரியே. சரமாக (எழுத்துத் தொடராக) அனுப்பியிருந்தால் 5.1 பதிப்பு அதை ஐஎஸ்ஓ-8859-1 ஆக்க முயன்று, தமிழ் கேள்விக்குறிகளாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

முதல் திருத்தம் செய்த அன்றே கோட் நோடில் உள்ள பழைய திருத்தத்தை எடுத்துவிட வேண்டும். சரியான தமிழ் அதன் வழியாகப் போனால், 2965 போன்ற எண்களின் கடைசி பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதையும் கெடுத்துவிடும்.

இதே முறையை மற்ற பணிப்பாய்வுகளிலும் பயன்படுத்தலாம் என்பதால், கெட்ட இடத்தைத் தேடும் வழியையும் சொல்கிறேன். "கடிதம்" என்ற ஒரே சொல் மட்டும் உள்ள சோதனைப் பதிவு ஒன்றை அனுப்புங்கள். ஒவ்வொரு படிக்குப் பின்னும் அந்தச் சரத்தின் நீளத்தையும், ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் எண்ணாக அச்சிடுங்கள். நீளம் 6 என்றால் எல்லாம் சரி. 18 என்றால் ஒருமுறை தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் எதுவும் இழக்கப்படவில்லை. மூன்றாவது எண் 149 ஆக இருந்தால் ஐஎஸ்ஓ-8859-1 ஆகவும், 8226 ஆக இருந்தால் விண்டோஸ்-1252 ஆகவும் படித்திருக்கிறார்கள். 17 என்றால் விண்டோஸ்-1252 ஆகப் படித்த பிறகு புள்ளியின் பைட் நீக்கப்பட்டிருக்கிறது. 15 என்றால் ஐஎஸ்ஓ-8859-1 ஆகப் படித்த பிறகு கட்டுப்பாட்டுக் குறிகள் நீக்கப்பட்டு, க, ட, புள்ளி மூன்றும் போயிருக்கின்றன. நீளம் 6 ஆக இருந்தும் எல்லா எண்ணும் 63 என்றால் அவை வெறும் கேள்விக்குறிகள். 65533 என்ற எண் வந்தால் அது அந்தச் சாய்சதுரம். இவ்விரண்டிலும் மூல எழுத்து அந்தப் படியிலேயே அழிந்துவிட்டது. வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தாலும் எண்கள் சரியாக இருந்தால், எழுத்துரு இல்லாத குறை மட்டுமே. தரவில் கை வைக்காதீர்கள். நீளம் 36 என்று வந்து, பின்சாய்கோடும் யு-வும் நான்கு இலக்கங்களுமாகத் தெரிந்தால், ஜேசன் என்ற தரவு வடிவத்தின் தப்பெழுத்துகள் (எழுத்துக்குப் பதிலாக அதன் எண்ணை எழுதும் முறை) இருமுறை பொதியப்பட்டிருக்கின்றன. அங்கே குறியாக்கத்தை மாற்றிப் பயனில்லை, ஜேசனை இன்னொரு முறை பிரிக்க வேண்டும்.

எண்களைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், திரையில் காட்டும் ஒவ்வொரு கருவியும் தன் ஊகத்தையும் சேர்த்தே காட்டுவதுதான். குறிப்பாக, தலையடையாளம் இல்லாத சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை தட்டித் திறந்து பார்த்துவிட்டு, கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். நல்ல கோப்பையே அது பெரும்பாலும் கணினியின் பழைய குறியாக்கத்தில் திறந்து காட்டும்; அதை அப்படியே சேமித்தால்தான் உண்மையாகக் கெடும்.

எழுத்து கெடுவது பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றிடம் கைமாற்றும் இடத்தில்தான் என்பதால், அந்தச் சந்திகளை மட்டும் பாருங்கள். எச்டிடிபி பதிலின் தலைப்பில் எழுத்துக்கணம் (குறியாக்கத்தின் பெயர்) குறிப்பிடப்படாமல் உரை வகை என்று மட்டும் இருந்தால், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் அதை ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு உரையை ஸ்பிளிட்லைன்ஸ் கொண்டு வரிகளாகப் பிரித்தால் இன்னொரு விந்தை நடக்கும்: அ-வின் மூன்றாவது பைட் 133, அந்தக் குறியாக்கத்தில் அது வரிமுடிவுக் குறி, ஆகவே அ வரும் இடமெல்லாம் வரி உடைந்து, 200 வரிக் கோப்பு அதைவிட நீண்டதாகிவிடும். நோட்ஜேஎஸ்-இல் பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து ஒவ்வொரு துண்டையும் தனியே சரமாக்கினால், துண்டின் எல்லை ஓர் எழுத்தின் நடுவில் விழுந்து, எப்போதாவது ஓரிடத்தில் மட்டும் சாய்சதுரம் வரும். கோப்புக்கான இயல்புத் துண்டு 65536 பைட். அது 3-ஆல் வகுபடாது என்பதால் தமிழுக்கு இது அடிக்கடி நேரும். சிறிய சோதனைக் கோப்பில் வராமல் பெரிய கோப்பில் மட்டும் வரும் பிழை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அனுப்பும் உடலின் நீளத்தைப் பைட்டில் எண்ணாமல் எழுத்தில் எண்ணி அறிவித்தால், தமிழ் ஜேசன் பாதியில் அறுந்து வரும்.

எண்கள் எல்லாம் தமிழாகவே இருந்தும் "கோவை" என்பது "கோவை"யுடன் பொருந்தவில்லை என்றால், அது வேறு சிக்கல். ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி 3015, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் படிக்கு முன் இரு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீரும். ஆனால் ஔ என்பதற்குப் பதிலாக ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் அதை மாற்றாது. அது தட்டச்சுப் பிழை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வந்தால், உள்ளே இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகளே. அதற்குக் குறியாக்க அமைப்பு எதுவும் உதவாது, எழுத்து மாற்றி ஒன்றுதான் வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே தரவுத்தளத்தில் ஏறிவிட்ட பதிவுகள். இவற்றை நிரல் எழுதி முழுமையாக மீட்க முடியாது என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. 224, 175 என்று நின்று மூன்றாவது பைட் இல்லாத இடத்தில் இருந்தது உகரமா புள்ளியா என்று பைட்டுகளால் சொல்ல முடியாது. "பாலு" என்பவரும் "பால்" என்பவரும் உங்கள் தரவுத்தளத்தில் இன்று ஒரே பெயராக இருக்கிறார்கள். ஐ-யும் ஏ-யும் அதேபோல் ஒன்றாகிவிட்டன. அகராதி வைத்துச் சொற்களை ஊகிக்கலாம். மனிதர்களின் பெயரை ஊகித்து எழுதக் கூடாது. ஆகவே கணினி மாறிய நாளிலிருந்து வந்த மூலக் கோப்புகளை எடுத்துத் திருத்திய ஸ்கிரிப்ட் வழியாக மீண்டும் ஏற்றுங்கள். ஏதாவது ஒரு நாளின் மூலக் கோப்பு கிடைக்காவிட்டால், என்8என் தன் பழைய ஓட்டங்களைச் சேமித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெப்ஹுக் நோடில் வந்த உள்ளீடு நீக்கும் படிக்கு முந்தையது, அதில் கட்டுப்பாட்டுக் குறிகள் முழுமையாக இருக்கும். அதை மீட்க, விண்டோஸ்-1252-இன் அந்த 27 குறிகளை மட்டும் உரிய பைட்டுகளுக்கு மாற்றும் ஒரு சிறிய அட்டவணையை எழுதி, மற்ற எழுத்துகளின் எண்ணை அப்படியே பைட்டாக எடுத்து, முடிவில் யூடிஎஃப்-8 ஆகப் படியுங்கள். பைத்தான் வசதி என்றால், கெட்ட எழுத்துகளைத் திருத்தும் எஃப்டிஎஃப்ஒய் நூலகத்தில் காலியிடங்களையும் ஏற்கும் தளர்வான விண்டோஸ்-1252 இதற்காகவே இருக்கிறது. பழைய ஓட்டங்கள் தானாக அழியும்படி அமைத்திருந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் அந்த அமைப்பை இன்றே நிறுத்திவிடுங்கள்.